மூக்கை எங்கே வைப்பது? வானச் சண்டை கேள்வி பதில்

கணினியில் போர் விமானம் ஓட்டும் வாசகர்களுக்கான பக்கம் இது. பதில் சொல்பவர் விமானப்படையின் ரேடார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மதுரை திருநகரில், வீட்டு மாடியில் இரண்டு கணினிகளைப் போட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு சிமுலேட்டர் சொல்லிக்கொடுக்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எதிரியைத் துரத்துவது பற்றியவை.

ஐயா, நான் எதிரிக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிடுகிறேன். அதன்பிறகு என் விமானத்தின் மூக்கை அவன் மேலிருந்து எடுப்பதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவனைத் தாண்டிப் போய்விடுகிறேன். கடைசியில் அவன் என் முதுகில் நிற்கிறான். எங்கே தப்பு?
(கல்லூரி மாணவர், திருமங்கலம்)

தப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. மூக்கை அவன் மேலிருந்து எடுப்பதே இல்லை என்கிறீர்களே, அதுதான்.

எதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தால் மூக்கை அவன் மேலேயே வைத்துக்கொண்டு போகலாம், பிரச்சினை இல்லை. ஆனால் பின்னால் ஒருவன் வருகிறான் என்று தெரிந்தபின் யார் நேராகப் போவார்கள்? அவன் வளைகிறான். 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அவன் வளைவது உங்கள் முன்கண்ணாடியில் மெதுவாக நகர்கிற புள்ளி. 500 மீட்டரில் அதே வளைவு கண்ணாடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். அவனைக் கண்ணாடி நடுவிலேயே வைத்திருக்க வேண்டுமானால், நெருங்க நெருங்க நீங்கள் நொடிக்கு நொடி அதிகமாகத் திரும்ப வேண்டும். அவன் மணிக்கு 720 கிலோமீட்டரில் வளைகிறான், நீங்கள் 900-ல் வருகிறீர்கள் என்றால் உங்கள் விமானத்தால் அது முடியாது. ஸ்டிக்கை வயிறு வரை இழுத்தாலும் அவன் வட்டத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். இதைத்தான் ஓவர்ஷூட் என்கிறோம். அந்த நேரம் பார்த்து அவன் எதிர்ப்பக்கம் ஒரு புரட்டு புரட்டினால் போதும், நீங்கள் அவனுக்கு முன்னால்.

துரத்தும்போது மூக்கு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. அவன் போகப்போகிற இடத்தில், அவனுக்கு முன்னால் வைத்தால் லீட் பர்சூட். அவன் மேலேயே வைத்தால் ப்யூர் பர்சூட். அவன் விட்டுவிட்டு வந்த இடத்தில், வாலுக்குப் பின்னால் வைத்தால் லேக் பர்சூட். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். மாசி வீதியில் ஒருத்தர் கோயிலைச் சுற்றி நடக்கிறார். நீங்கள் அவருக்கு அரை வீதி பின்னால். அதே மாசி வீதியில் அதே வேகத்தில் நடந்தால் இடைவெளி குறையாது. சித்திரை வீதிக்குள் புகுந்து சுற்றினால், அதே நடையில் அவரை எட்டிவிடலாம், ஏனென்றால் உள் சுற்று சின்னது. வெளி வீதிக்குப் போனால் எட்டி நடந்தாலும் முந்த மாட்டீர்கள், கூடவே சுற்றிக்கொண்டு வருவீர்கள். உள் சுற்று லீட், வெளிச் சுற்று லேக். சித்திரை வீதியிலிருந்து குறுக்குச் சந்தில் பாய்ந்து அவரிடம் வந்து சேரும்போது நீங்கள் பார்ப்பது அவர் முதுகை இல்லை, விலாவைத்தான். லீட் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் குறுக்குக் கோணத்தில் சேர்க்கும். இது பலருக்குத் தெரியாது.

உங்களுக்கு வேகம் மிஞ்சிப்போயிருக்கிறது. அந்த மிச்சத்தை எங்காவது போட்டு வைக்க வேண்டும். எஞ்சின் உந்தலைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து ஏர்பிரேக்கைத் திறந்தால் வேகம் குறையும், ஆனால் போனது போனதுதான், திரும்பி வராது. மேலே கொண்டுபோய் வைத்தால் உயரமாகச் சேர்ந்துவிடும், வேண்டும்போது இறங்கி எடுத்துக்கொள்ளலாம். இதுதான் ஹை யோ-யோ.

எங்கள் தெருப் பையன் ஒருவன் செய்ததை ரீப்ளேயில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அதை அப்படியே சொல்கிறேன். எதிரி இடப்பக்கம் வளைகிறான். இவன் 1200 மீட்டர் பின்னால், 40 டிகிரி குறுக்குக் கோணத்தில், தூரம் மளமளவென்று குறைகிறது. இங்கேதான் பையன் நல்ல காரியம் செய்தான். ஸ்டிக்கை இழுப்பதை ஒரு கணம் தளர்த்தினான். இடப்பக்கம் சாய்ந்திருந்த இறக்கையைக் கொஞ்சம் நிமிர்த்தினான், முழுக்க நேராக்கவில்லை. அப்புறம் மறுபடி இழுத்தான். மூக்கு எதிரியை விட்டு மேலே ஏறிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு இவன் எதிரியை விட்டுவிட்டான் என்றுதான் தோன்றும். மணிக்கு 900 கிலோமீட்டரில் ஆரம்பித்தவன் உச்சியில் 750-க்கு வந்தான். வேகம் குறைந்ததால் வட்டமும் சுருங்கியது. இத்தனை நேரமும் அவன் பார்வை கண்ணாடிக் கூட்டின் வழியாக, இடப்பக்க இறக்கைக்கு அப்பால் கீழே இருந்த எதிரி மேலேயே இருந்தது. பிறகு மூக்கை எதிரியின் வாலுக்குப் பின்னால் இருக்கும் வெற்று ஆகாயத்தைப் பார்த்து இறக்கினான். இறங்கி முடித்தபோது 700 மீட்டர் பின்னால், கோணம் பாதியாகக் குறைந்து, அவனுக்குச் சமமான வேகத்தில் இருந்தான்.

இதில் கவனிக்க வேண்டியது 1200 மீட்டரில் ஆரம்பித்ததை. 400 மீட்டர் வரை பொறுத்து, எதிரி கண்ணாடியை விட்டு வழுக்கும்போது மேலே இழுத்தால் அதற்குப் பெயர் யோ-யோ இல்லை, தப்பி ஓடுவது.

மூன்று வகை துரத்தல் பற்றிப் படித்திருக்கிறேன் சார். பறக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது. சீக்கிரம் முடிவெடுக்க வழி உண்டா?
(ஐடி ஊழியர், வில்லாபுரம்)

நீங்கள் பெயர்களிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், அதனால்தான் தாமதம். லீடா, லேகா, யோ-யோவா என்று பட்டியலைப் புரட்டாதீர்கள் அம்மா. இடைவெளி எவ்வளவு, கோணம் எவ்வளவு, நெருங்குகிறேனா விலகுகிறேனா, இந்த மூன்றை மட்டும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பெயர் தானாக வந்து உட்காரும்.

மூன்றில் கடைசிதான் ராஜா. அவன் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வருகிறான், கோணமும் அதிகம் என்றால் மேலே போங்கள். தூரம் இருக்கிறது, பெரிதாகவே மாட்டேன் என்கிறான் என்றால் உள்ளே வெட்டுங்கள், அதாவது லீட். தூரம் சரி, கோணம் சரி, வேகமும் சமம் என்றால் லேக் வைத்துக்கொண்டு அவன் வட்டத்துக்கு வெளியே, வாலுக்குப் பின்னால் பொறுமையாக உட்காருங்கள். ப்யூர் பர்சூட்டுக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வழியில் அது வந்து போகும். வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணையின் குறியை எதிரி மேல் பூட்டுகிற நேரத்தில் அதற்கு வேலை உண்டு. அதிலேயே குடியிருக்கக் கூடாது.

துப்பாக்கி என்றால் கணக்கு வேறு. அமெரிக்கப் போர் விமானமான எஃப்-16-ல் இருக்கும் 20 மில்லிமீட்டர் துப்பாக்கியின் குண்டு நொடிக்குச் சுமார் 1000 மீட்டரில் வெளியேறும். உங்கள் விமானத்தின் வேகத்தையும் அதோடு சேர்த்தால் 600 மீட்டரைக் கடக்க அரை நொடி. அந்த அரை நொடியில், நொடிக்கு 200 மீட்டர் போகிற எதிரி 100 மீட்டர் நகர்ந்திருப்பான். விமானத்தின் நீளமே 15 மீட்டர்தான். குறுக்கே போகிறவன் மேல் குறிவைத்துச் சுட்டால் குண்டு ஆறேழு விமான நீளம் பின்னால் போகும். ஆகவே துப்பாக்கிக்கு லீட் கட்டாயம். ஆனால் அந்த லீட் கடைசி ஓரிரு நொடிக்கு மட்டும்தான். லேக்கில் காத்திருந்து, நேரம் வரும்போது மூக்கை முன்னால் தள்ளி, ஒரு பொழிவு சுட்டுவிட்டு, மறுபடி வெளியே வந்துவிட வேண்டும். அந்தத் துப்பாக்கி நிமிடத்துக்கு 6000 குண்டு சுடும், விமானத்தில் இருப்பதோ 500-க்குச் சற்று மேல். மொத்தம் ஐந்து நொடிச் சரக்கு. ட்ரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டே துரத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். துப்பாக்கியையும் ஏவுகணையையும் அணைத்துவிடுங்கள். நிதானமாக வளைந்துகொண்டே இருக்கும்படி ஒரு எதிரியை வையுங்கள். அவனுக்குப் பின்னால் 800 மீட்டரில், அவனைவிட வேகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் நிற்கப் பழகுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால், "நெருங்குது, நெருங்குது, நிக்குது, விலகுது" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். என் மாடியில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் பாடம். சலிப்பாக இருக்கும். சுடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, வந்து நிற்பதுதான் வித்தை.

சார், எதிரியும் நானும் ஒரே வட்டத்தில் எதிரெதிர்ப் பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறோம். எவ்வளவு இழுத்தாலும் நெருங்க முடியவில்லை. இழுக்க இழுக்க எனக்குத்தான் இருட்டிக்கொண்டு வருகிறது.
(உசிலம்பட்டி வாசகர்)

இழுப்பதை நிறுத்துங்கள் முதலில். கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் 5 ஜி, அதாவது உடம்பு ஐந்து மடங்கு கனக்கும் அளவுக்கு, இழுத்து மட்டமாகத் திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 830 மீட்டர், ஒரு சுற்றுக்கு 26 நொடி. அதே 5 ஜி-யில் 250 மீட்டர் வேகத்தில் திரும்பினால் ஆரம் 1300 மீட்டர், சுற்றுக்கு 33 நொடி. பெருங்குடியில் இருக்கும் நம் விமான நிலைய ஓடுதளம் சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம். முதல் வட்டம் அந்த நீளத்துக்குள் அடங்கிவிடும், இரண்டாவது அடங்காது. வேகம் கால் பங்கு கூடியதற்கே இவ்வளவு வித்தியாசம். வேகமாகப் போனால் சீக்கிரம் திரும்பலாம் என்று நினைப்பது இதனால்தான் தவறாகிறது.

அதற்காக ரொம்ப மெதுவாகவும் போகக் கூடாது. ஒரு அளவுக்குக் கீழே இறக்கைக்கு அந்த 5 ஜி-யைத் தூக்கித்தரும் சக்தியே இருக்காது. விமானம் தாங்குகிற முழு ஜி-யையும் இழுக்க முடிகிற மிகக் குறைந்த வேகம் ஒன்று உண்டு. கார்னர் வேகம் என்பார்கள். அங்கேதான் திருப்பம் மிக வேகமாக வரும். நீங்கள் இருட்டும் வரை இழுத்து வேகத்தைக் கரைத்துவிட்டு, அதற்குக் கீழே விழுந்து கிடக்கிறீர்கள். எதிரியும் அப்படியே. இரண்டு பேரும் சோர்ந்துபோய்ச் சுற்றுகிறீர்கள்.

இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி கீழே இருக்கிறது. லோ யோ-யோ. திரும்பிக்கொண்டே மூக்கை அடிவானத்துக்குக் கீழே, எதிரியின் வட்டத்துக்கு உள்பக்கமாக இறக்குங்கள். பூமி இழுக்கும் இழுவை இலவசம், வேகம் கிடைக்கும். உள்ளே வெட்டுவதால் தூரமும் குறையும். பிறகு அவனுக்குக் கீழிருந்து மேலே வாருங்கள். ஒரே தடவையில் முழு வட்டத்தையும் விழுங்கப் பார்க்காதீர்கள். 10, 15 டிகிரி மூக்கை இறக்கி, கொஞ்சம் சாப்பிட்டு, மேலே வந்து, மறுபடி கொஞ்சம். பேராசைப்பட்டு ஆழமாக இறங்கினால் மேலே வரும்போது வேகம் மிஞ்சிப்போய், திருமங்கலத்துத் தம்பியின் நிலைக்கு வந்துவிடுவீர்கள். தரைக்கு அருகில் சண்டை நடந்தால் இந்த விளையாட்டே வேண்டாம்.

நண்பன் ஒருவன் லேக் பர்சூட் கோழைத்தனம் என்கிறான்.
(மேலூர் வாசகர்)

அவனை எதிரியின் இருக்கையில் உட்கார வைத்து, நீங்கள் அவன் வாலுக்கு வெளியே கீழாக நில்லுங்கள். கழுத்தை இருபுறமும் முறுக்கி முறுக்கி உங்களைத் தேடுவான். கிடைக்காத எரிச்சலில் திருப்பத்தை மாற்றுவான். மாற்றுகிற அந்த நொடியில் உங்கள் கண்ணாடிக்குக் குறுக்கே வருவான். அப்போது கேளுங்கள், எது கோழைத்தனம் என்று.

ஐயா, இறுதியாண்டு புராஜெக்டாக, துரத்தும் விமானம் தானே உத்தியைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் ஒன்று செய்ய ஆசை. செயற்கை நுண்ணறிவு போர் விமானியைத் தோற்கடித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? எங்கிருந்து தொடங்குவது?
(பொறியியல் மாணவி, ஒத்தக்கடை)

உண்மைதான். 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டார்பா நடத்திய ஆல்ஃபா டாக்ஃபைட் போட்டியில், ஹெரான் சிஸ்டம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் மென்பொருள், அனுபவமுள்ள எஃப்-16 விமானி ஒருவரை சிமுலேட்டரில் 5-0 என்று ஜெயித்தது. துப்பாக்கி மட்டும் வைத்த சண்டை. செய்தியைப் படித்துவிட்டு விமானிகள் வேலை போச்சு என்று இங்கே டீக்கடை வரை பேச்சு. ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிரி எங்கே இருக்கிறான், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அந்த மென்பொருளுக்குப் பிசிறில்லாமல் தெரிந்திருந்தது. மனிதன் கழுத்தைத் திருப்பித் தேட வேண்டும். அடுத்தது, அது நேருக்கு நேர் பாய்ந்து வரும்போதே சுட்டது. நிஜப் பயிற்சியில் மோதிவிடும் அபாயத்தால் அப்படிச் சுட விடமாட்டார்கள். அதனால் ஜெயித்தது பொய்யாகிவிடாது. குறி பார்ப்பதில் அதன் துல்லியம் அசத்தல்தான். பின்னர் எக்ஸ்-62ஏ என்ற மாற்றியமைத்த எஃப்-16-ல் நிஜ ஆகாயத்திலும், ஆபத்து வந்தால் கையில் எடுத்துக்கொள்ள விமானிகள் உள்ளே உட்கார்ந்திருக்க, செயற்கை நுண்ணறிவை ஓட்டிப் பார்த்தார்கள்.

நீங்கள் தொடங்க வேண்டியது அங்கே இல்லை, இன்னும் ஐம்பது வருடம் பின்னால். 1970-களில் நாசாவின் லாங்லி மையத்து சிமுலேட்டருக்காக எழுதிய ஒரு நிரல் உண்டு. மனித விமானிக்கு எதிராளியாக நிற்க வைத்தது அது. யோ-யோ என்ற சொல்லே அதற்குத் தெரியாது. இப்போதைய நிலையிலிருந்து சில திருப்பங்களை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் அடுத்த சில நொடிகளுக்குக் கணக்கில் ஓட்டிப் பார்க்கும். முடிவில் சில கேள்விகள். எதிரி எனக்கு முன்னால் இருக்கிறானா? நான் அவன் பின்பக்கம் இருக்கிறேனா? அவனை என்னால் பார்க்க முடிகிறதா? இதற்கெல்லாம் ஆம், இல்லை என்று மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கிய திருப்பத்தைப் பறக்கும். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. நல்ல விமானி மனதுக்குள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு மடிக்கணினியில் இதைச் செய்துவிடலாம். முதலில் விமானத்தை ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். நிலை, வேகம், எந்தத் திசை, எவ்வளவு ஜி, எந்தப் பக்கச் சாய்வு, இவ்வளவு போதும். உயரத்தை விட்டுவிடாதீர்கள், தங்கச்சி. தட்டையான தாளில் சண்டை போட்டால் மென்பொருளுக்கு ஹை யோ-யோ பிறக்கவே பிறக்காது. எதிரியை ஒரே மாதிரி வளைய விடுங்கள். உங்கள் புள்ளி ஆறேழு திருப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு ஆர்வம் இருந்தால் ஜேஎஸ்பிசிம் என்ற திறந்தமூல மென்பொருளில் எஃப்-16 மாதிரியே இருக்கிறது, ஆல்ஃபா டாக்ஃபைட்டிலும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் ஏற்றிப் பாருங்கள்.

மதிப்பெண் போடுவதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். மூக்கு எதிரி மேல் இருந்தால் மதிப்பெண் என்று மட்டும் எழுதினால், உங்கள் மென்பொருள் முதல் கடிதத்துத் தம்பி பறப்பது மாதிரியே பறக்கும், அவர் மாதிரியே தாண்டிப் போகும். நெருங்கும் வேகம் தூரத்துக்குத் தகுந்ததா என்பதற்கும், கையில் இருக்கும் மொத்த ஆற்றலுக்கும், அதாவது வேகமும் உயரமும் சேர்ந்ததற்கும், மதிப்பெண் வையுங்கள். எத்தனை நொடி முன்னே பார்க்கிறது என்பதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு நொடி மட்டும் பார்க்கிற மென்பொருள் மேலே ஏறாது, ஏனென்றால் முதல் நொடியில் மூக்கு விலகுவது நஷ்டமாகத்தான் தெரியும். ஏழெட்டு நொடி பார்த்தால், நீங்கள் சொல்லிக்கொடுக்காமலே அது யோ-யோ போடும். அதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த புராஜெக்டைச் செய்யலாம். வைவாவில் அந்தப் படத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

நம் விமானப்படையின் சின்னஞ்சிறு நாட் விமானம் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியது எப்படி? இந்த உத்திகளாலா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்)

விமானத்தின் உருவமும் உதவியது, சார். நாட் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட இல்லை, சேபருக்கு 11 மீட்டருக்கு மேல். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் நாட் கண்ணுக்கே தெரியாது. மேலே ஏறுவதிலும் வேகம் பிடிப்பதிலும் கெட்டிக்காரக் குதிரை. மட்டமாக வளைந்து வளைந்து சண்டை போட்டால் சேபரும் லேசுப்பட்டதில்லை. ஆகவே ஏறி இறங்கிச் சண்டை போடுவதுதான் நாட் விமானத்துக்கு லாபம்.

நிர்மல் ஜித் சிங் செகோனைப் பற்றி உங்கள் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பீர்கள். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நாட் விமானத்தில் கிளம்பி, சேபர் கூட்டத்தோடு தனியாக மோதி உயிரைக் கொடுத்தார். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அவருடைய 18-ஆம் படைப்பிரிவை 2020-ல் தேஜஸ் விமானங்களோடு நம் கோயம்புத்தூர் பக்கம் சூலூரில் மறுபடி தொடங்கினார்கள்.

இந்த ஏற்றம், இறக்கம், ஆற்றல் எல்லாவற்றையும் சூத்திரமாக எழுதிவைத்தவர் அமெரிக்க விமானி ஜான் பாய்ட். 1960-களில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணித வல்லுநரோடு சேர்ந்து செய்தார். எந்த உயரத்தில், எந்த வேகத்தில், எத்தனை ஜி இழுத்தால் ஒரு விமானத்துக்கு ஆற்றல் மிஞ்சும், எங்கே கரையும் என்று படமாகப் போட்டுவிட்டார். எதிரி விமானத்தின் படத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தால் எங்கே சண்டை போடலாம், எங்கே கூடாது என்று தெரிந்துவிடும். எந்த நிலையிலிருந்தும் 40 நொடிக்குள் எதிராளியை ஜெயித்துக் காட்டுவேன் என்று பந்தயம் கட்டுவாராம். அவரை நாற்பது நொடி பாய்ட் என்றே கூப்பிட்டார்கள்.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ராத்திரி முழுக்க விமானம் ஓட்டுகிறான். இப்போது விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் வேண்டும் என்கிறான். விமானப்படையில் சேர இது உதவும் என்கிறானே, நிஜமா?
(இல்லத்தரசி, அண்ணா நகர்)

நேரடியாக உதவாது, அம்மா. என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப்படைக்குப் போக பிளஸ் டூ-வில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும், எழுத்துத் தேர்வில் தேற வேண்டும், அப்புறம் நேர்முகத் தேர்வு வாரியம். அந்த வாரியம் நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூரில். விமானி பிரிவுக்கான கணினித் தேர்வு ஒன்றும் உண்டு. அங்கே போய்த் தூங்கி வழிந்தால் அவ்வளவுதான். ராத்திரி பதினொன்றுக்குக் கணினியை அணைக்கச் சொல்லுங்கள்.

ஜாய்ஸ்டிக் சாதாரணமானது போதும். கீபோர்டில் மட்டும் ஓட்டுகிறான் என்றால் ஒன்று வாங்கிக் கொடுப்பது நியாயம்தான், ஏனென்றால் விசையை அழுத்தினால் முழு இழுப்பு, விட்டால் ஒன்றுமில்லை, நடுவில் எதுவும் கிடையாது. இந்தப் பக்கத்தில் சொல்கிற எதையும் அதில் செய்ய முடியாது. தலையைத் திருப்பினால் திரையும் திரும்புகிற வசதிக்கு ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளும் ஒரு வெப்கேமும் போதும். ஜாய்ஸ்டிக் வாங்குவதற்கு முன் அவனிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் வட்ட இயக்கம் இருக்கிறது. மேலே உசிலம்பட்டிக்காரருக்குச் சொன்ன அந்த 830 மீட்டரை உங்கள் முன்னால் உட்கார்ந்து போட்டுக் காட்டட்டும். 5 ஜி-யில் மட்டமாகத் திரும்பினால் பக்கவாட்டில் கிடைப்பது 5 இல்லை, 4.9 என்பதைக் கண்டுபிடித்துவிட்டான் என்றால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எதிரி சூரியனுக்குள் போய்விட்டால் என்ன செய்வது, மாமா?
(எட்டாம் வகுப்பு, திருப்பரங்குன்றம்)

கட்டை விரலை நீட்டிச் சூரியனை மறைத்துக்கொண்டு ஓரத்தில் தேடு. சிமுலேட்டரில் விரலுக்குப் பதில் விமானத்தையே கொஞ்சம் சாய்த்து, கண்ணாடிச் சட்டத்தால் மறை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தாக்கு என்று ஜெர்மன் விமானி ஓஸ்வால்ட் போல்க்கே 1916-லேயே எழுதிவைத்துவிட்டார். எதிரிக்கும் அது தெரியும். ஆகவே அவன் காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடமும் சூரியன் பக்கம்தான்.

எப்போது துரத்துவதை விட்டுவிட வேண்டும்?
(வாடிப்பட்டி வாசகர்)

மேலே சொன்ன மூன்றும், அதாவது தூரம், கோணம், நெருக்கம், அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் உங்களுக்கு எதிராகப் போனால் விட்டுவிடலாம். ஆனால் விலகவும் நேரம் பார்க்க வேண்டும். இரண்டு மூக்கும் எதிரெதிர்த் திசையைப் பார்த்து, ஒருவரை ஒருவர் கடக்கிற கணம்தான் நல்ல நேரம். அவன் திரும்பி முடிப்பதற்குள் உங்களுக்குக் கிலோமீட்டர்கள் கிடைக்கும். ஸ்டிக்கை மெதுவாக முன்னால் தள்ளி, உடம்பு இருக்கையில் மிதக்கிற அளவுக்கு ஜி-யைக் குறையுங்கள். இறக்கை தூக்க வேண்டியது இல்லாததால் காற்று பின்னால் பிடித்து இழுப்பது குறையும். எஞ்சினின் பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து உந்தும் ஆஃப்டர்பர்னரோடு மூக்கு லேசாகக் கீழே இருந்தால் வேகம் கிடுகிடுவென்று ஏறும். திரும்பிப் பார்க்கும் ஆசையில் வளைந்துவிடாதீர்கள், வளைந்தால் சேர்த்த தூரம் எல்லாம் போச்சு.

எரிபொருளுக்கு விமானிகள் இரண்டு எண் வைத்திருப்பார்கள். ஜோக்கர் வந்தால் சண்டையை முடிக்கப் பார்க்க வேண்டும், பிங்கோ வந்தால் வீட்டுக்குக் கிளம்பியே ஆக வேண்டும். ஆஃப்டர்பர்னர் எண்ணெய் குடிக்கிற வேகத்தில் சண்டை நடுவே கணக்குப் போட நேரம் இருக்காது. இரண்டு எண்ணையும் புறப்படும் முன்பே ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள்.